வண்டியில்லாத தாய்மாமன்

மாரீஸ்வரன் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சொன்ன நேரத்தில் அது நன்றாகத்தான் இருந்தது.

போடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் விவசாயிகள் கூட்டம். மாரீஸ்வரன் நடத்திவந்த மலையோரம் அறக்கட்டளைக்குப் பேச அரைமணி நேரம் கொடுத்திருந்தார்கள். அறக்கட்டளை சின்னது. ஏலக்காய் தரம் பிரிக்கும் கடை ஒன்றின் மாடியில் ஒரே அறை. அதில் அவன், அவனோடு வேலை பார்க்கும் பானுப்பிரியா, ஒரு மின்விசிறி. லாப நோக்கமில்லாத அமைப்பு என்று பலகையில் எழுதியிருந்தது. எழுதாவிட்டாலும் பார்த்தாலே தெரியும். காற்றில் கரிப்புகை கூடிக்கொண்டே போகிறது, பூமி சூடாகிறது, நம் பங்குக்கு நாமாவது குறைப்போம் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்வதுதான் அவர்கள் வேலை. எஸ்டேட்டுகளில் ஏலக்காய் உலர்த்தும் அடுப்புக்கு விறகைக் குறைக்கச் சொல்வார்கள். நிழல் மரங்களை வெட்ட வேண்டாம் என்பார்கள். மலைப்பாதைக்குக் கூடுதலாகப் பஸ் விடச் சொல்லி மனுக் கொடுப்பார்கள். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

அன்று மட்டும் மாரீஸ்வரனுக்கு நாக்கில் சனி ஏறி உட்கார்ந்திருந்தது.

"மாமன் சீர் கொண்டு போறோம். எதுக்குங்க முப்பது ஜீப்பு?" என்று கேட்டான். "வாழைப்பழத்துக்கு ஒரு ஜீப்பு, வெத்தலைக்கு ஒரு ஜீப்பு, கற்கண்டுக்கு ஒரு ஜீப்பு! அந்தக் கற்கண்டு என்ன, கால் நீட்டிப் படுத்துக்கிட்டா வருது?"

மண்டபம் சிரித்தது. சிரிப்பில் கொஞ்சம் குற்ற உணர்வும் இருந்தது. பிள்ளைக்குக் காதுகுத்து என்றால் தாய்மாமன் சீர் கொண்டு வரவேண்டும். தட்டு தட்டாகச் சீர், கொட்டு மேளம், கிடா, பின்னால் ஆரன் அடித்துக்கொண்டு வரிசையாக வண்டிகள். எத்தனை வண்டி வந்தது என்று எண்ணிச் சொல்வதற்கென்றே எல்லாக் குடும்பத்திலும் ஓர் ஆள் உண்டு. 

கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "தம்பி, ஊருக்குச் சொல்றது லேசு. உங்க வீட்டு விசேஷத்துல பாப்போம்."

"பாருங்கண்ணே! என் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து வருது. ஒரு ஜீப்பு, ஒரு காரு வைக்காம சீர் கொண்டு போறேன்."

கைதட்டினார்கள். நல்ல பலமான கைதட்டல். மனிதனுக்குக் கைதட்டல் கிடைக்கும் நேரத்தில்தான் கடவுள் அவனைக் கொஞ்சம் கூர்ந்து கவனிக்கிறார் என்று தோன்றுகிறது.

அவன் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. தங்கை முத்துப்பிரியா போனில் அழுதாள்.

"அண்ணே, நீ உலகத்தக் காப்பாத்து, வேணாங்கல. அதுக்கு முன்னாடி என்னையக் காப்பாத்து."

"என்ன ஆத்தா ஆச்சு?"

"என்ன ஆச்சா? எங்க மூத்தாருக்குப் பொண்டாட்டியா வந்தாங்கள்ல, அவுங்க அண்ணன் சின்னச்சாமி முப்பத்தொரு வண்டியில சீர் கொண்டாந்தாரு. இன்னிக்கு வரைக்கும் எங்க அத்தை அதச் சொல்லாம ஒரு வாய் சோறு உங்கறதில்ல. சாம்பாருல உப்புக் கம்மியா இருந்தாக் கூட 'முப்பத்தொரு வண்டி'ன்னுதான் ஆரம்பிக்கும். நீ வெறுங்கையா வந்து நின்னா நான் அந்த வீட்டுல எப்படிண்ணே நடமாடுவேன்?"

"வெறுங்கையா வரல, பிரியா. சீரெல்லாம் கொறவில்லாம கொண்டாரேன். வண்டிதான் இல்ல."

"அவுங்க சீரப் பாக்க மாட்டாங்கண்ணே. வண்டியத்தான் எண்ணுவாங்க."

அப்பா அம்மா இல்லாத வீட்டில் அவளுக்குப் பிறந்த வீடு என்றால் அவன் ஒருவன்தான். அவளுக்குத் தலை குனிவு வந்தால் அதற்குக் காரணமும் அவன் ஒருவன்தான். மறுநாள் பானுப்பிரியாவிடம் மெதுவாகக் கேட்டான். "அஞ்சே அஞ்சு ஜீப்பு மட்டும் வச்சா என்ன?"

பானுப்பிரியா நல்ல பெண். ஆனால் பொய்யாக ஆறுதல் சொல்லத் தெரியாதவள். "வைக்கலாம்ண்ணே. அதுக்கப்புறம் எந்த எஸ்டேட்டு வாசல்லயும் நம்மள டீ குடிக்கக்கூடக் கூப்புட மாட்டாங்க."

அன்று சாயங்காலம் அவன் பரமசிவன் கோயில் குன்றின் மேல் ஏறி, தங்கச்சி முகமும் கோணக்கூடாது, சொன்ன வார்த்தையும் தவறக்கூடாது, ஒரு வழி காட்டு என்று வேண்டிக்கொண்டு இறங்கினான். கீழே செருப்பைக் காணோம். சுற்றிச் சுற்றித் தேடினான். பிறகு வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தான். பாதி வழியில் அவனுக்கு விஷயம் விளங்கியது. நடந்தே போ என்று சாமி சொல்கிறார். செருப்பை எடுத்துக்கொண்டு போனவன் வேறு ஏதோ நினைத்திருக்கலாம். ஆனால் வேண்டுதலுக்குப் பதில் யார் கை வழியாக வருகிறது என்று பார்ப்பது நம் வேலையில்லை.

காதுகுத்து நடக்கும் இடம் முந்தலைத் தாண்டி, மலைச்சாலை ஏறத் தொடங்கும் இடத்தில் உள்ள கருப்பசாமி கோயில். மாப்பிள்ளை வீட்டுக் குலசாமி. போடியிலிருந்து எட்டுக் கிலோமீட்டருக்குக் குறையாது. நல்ல நேரம் பத்தரை வரைக்கும். விடியும்போது கிளம்பினால் சாவகாசமாகப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டான்.

விடியும்போது யாரும் வரவில்லை. சொந்தக்காரர்கள் முப்பது பேரும் வந்து சேர வெயில் வந்துவிட்டது. சித்தப்பா மொக்கச்சாமி வெள்ளை வேட்டி கட்டி, விறைப்பாக மீசை முறுக்கி வந்தார்.

"எங்கடா ஜீப்பு?"

"நடக்கிறோம்ன்னு சொன்னேன்ல சித்தப்பா?"

"நெசமாவாடா சொன்ன? மேடையில பேசுற மாதிரி சொல்றன்னுல்ல நெனச்சேன்!"

பானுப்பிரியா வந்திருந்தாள். சோணையும் வந்திருந்தான். ஜீப் டிரைவர். பள்ளிக்கூடத்தில் மாரீஸ்வரனுக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவன். எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு ஏறி இறங்குவதே அவன் பிழைப்பு. சீருக்கு வண்டிகளை அவனிடம்தான் சொல்லி வைத்து, பிறகு வேண்டாமென்றார்கள்.

"அண்ணே, ஜீப்பு டிரைவர் ஒருத்தன் முந்தலுக்கு நடந்து போறான். வெளிய தெரிஞ்சா ஸ்டாண்டுல எனக்கு எடம் கெடைக்காது," என்றான். ஆனாலும் பழத்தட்டை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டான். கோபத்தோடு உதவி செய்பவர்கள் உண்டு. அவர்களுக்குச் சொர்க்கத்தில் தனி வரிசை இருக்கவேண்டும்.

கொட்டு முழங்கியது. பெண்கள் தட்டுகளைத் தூக்கினார்கள். மஞ்சள் பூசி மாலை போட்ட கிடாவை மொக்கச்சாமி பிடித்துக்கொண்டார். முன்னால் வெறுங்காலோடு மாரீஸ்வரன். ஊர்வலம் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் முதல் தவறு நடந்தது. 

வெறுங்காலோடு ஒருவன், கொட்டு மேளம், மஞ்சள் பூசிய கிடா, மூடிய தாம்பாளங்கள், மலையைப் பார்த்து நடை. இதைப் பார்க்கும் யாருக்கும் தாய்மாமன் சீர் என்று தோன்றாது. தாய்மாமன் என்றால் ஜீப்பில் வருவான். இது கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டு போகிற கூட்டம் என்று சாலையோரத்தில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

முதல் தோட்டத்தில் ஒருவர் மோர்ப்பானையோடு ஓடி வந்தார். "சாமி கும்புடப் போறவுக நாக்கு வறண்டு போகக்கூடாது."

"இல்லண்ணே, இது காதுகுத்துச் சீரு..." என்று மாரீஸ்வரன் ஆரம்பித்தான்.

"எதுவா இருந்தா என்ன தம்பி, குடி."

குடித்தார்கள். அடுத்த வீட்டு வளவில் பானகம். அதற்கடுத்து ஒரு கடைக்காரர் தண்ணீர்ப் பாட்டில்களை நீட்ட, பானுப்பிரியா, "பிளாஸ்டிக் வேணாங்கண்ணே" என்று சொல்ல, அவர் மனம் நொந்து, கடைக்குள் போய்க் குடத்தையும் டம்ளரையும் தேடி எடுத்துக் கழுவிக் கொண்டுவரும் வரை எல்லோரும் நிற்க வேண்டியதாயிற்று. வாங்கிக்கொண்டால் நேரம் போகிறது. வேண்டாமென்றால் கொடுப்பவர் முகம் வாடுகிறது. மாரீஸ்வரனுக்கு நேரத்தை வாடவிடுவது எளிதாக இருந்தது. 

"நம்ம வயிறு நெறஞ்சிருச்சுண்ணே, வழிதான் அப்படியே இருக்கு," என்றான் சோணை.

முந்தலுக்கு இன்னும் ஒரு கல் தூரம் இருக்கும்போது மணி பத்தை நெருங்கிவிட்டது. அங்கே சாலையோரம் பத்துப் பதினைந்து வீடுகள். எல்லாம் மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவர்களின் வீடுகள். பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீரோடு காத்திருந்தார்கள். அய்யம்மாள் என்ற பெரிய பொம்பளை மாரீஸ்வரனின் காலில் தண்ணீர் ஊற்றினாள். அவன் பதறி விலகுவதற்குள் மிச்சத் தண்ணீரைக் கிடாவின் முதுகில் ஊற்றிவிட்டாள். ஊற்றிவிட்டு, கைகூப்பிச் சத்தமாகக் கேட்டாள்.

"கருப்பா! ரெண்டு கோடையா மேல செடியெல்லாம் கருகிக் கெடக்கு. எங்களுக்குச் சோலியில்ல. இந்த வருசமாச்சும் மழை உண்டா? வாக்குச் சொல்லு!"

மொக்கச்சாமியின் முகம் வெளுத்தது. "கெட்டுச்சு போ," என்றார்.

அந்தப் பக்கத்து மனிதர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நேர்ந்த கிடாமேல் தண்ணீர் தெளித்துச் சாமியிடம் கேட்டால், கிடா உடம்பை உலுக்கித் துளுக்கவேண்டும். துளுக்கினால் சாமி சம்மதம். துளுக்கும் வரை கிடாவை அந்த இடத்தை விட்டு நகர்த்தக்கூடாது. கேள்வி கேட்டுவிட்டு, பதில் வராமல் சாமியைத் தர தரவென்று இழுத்துக்கொண்டு போக யாருக்குத் தைரியம் வரும்?

கிடா துளுக்கவில்லை. வெயிலுக்கு அந்தத் தண்ணீர் இதமாக இருந்தது போலிருக்கிறது. கண்ணை அரைவாசி மூடி, மாலையில் ஒரு பூவை மென்றபடி நின்றது.

"காதுல ஊதுங்க சித்தப்பா," என்றான் சோணை ரகசியமாக.

"ஊதிட்டேன்டா. ரசிக்குது."

மாரீஸ்வரன் அய்யம்மாளைப் பார்த்தான். இது நேர்ந்த கிடா இல்லை, சீர்க் கிடா என்று சொல்லிவிட்டு நடந்துவிடலாம். சொல்ல வாயெடுத்தான். அந்தப் பெண்கள் எல்லோரும் கைகூப்பி, ஓர் ஆட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் எத்தனையோ கூட்டங்களில் மழை குறைவதைப் பற்றிப் படம் போட்டுக் காட்டியிருக்கிறான். ஒருவரும் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்ததில்லை. அவன் கேட்டுக்கொண்டு அலைகிற கேள்வியைத்தான் அய்யம்மாளும் கேட்டிருக்கிறாள். அவனும் கைகூப்பிக்கொண்டு நின்றான்.

போன் அடித்தது. முத்துப்பிரியா.

"எங்கண்ணே இருக்க? ஆசாரி ஊசியோட உக்காந்திருக்காரு. பிள்ளைய யாரு மடியில வைக்கிறதுன்னு பேச்சு வந்துருச்சு. நாத்தனா வீட்டுக்காரரு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ரெடியாயிட்டாரு!" பின்னாலிருந்து மாமியார் செல்லத்தாயின் குரல் தெளிவாகக் கேட்டது. "உங்க அண்ணன் உலகத்தக் காப்பாத்திட்டு மெதுவா வரட்டும். நாம காதக் குத்துவோம்."

தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்தாத பிள்ளை என்று ஒரு பேச்சு வந்தால் அது அந்தப் பிள்ளையின் கல்யாணம் வரை கூடவே வரும்.

சோணை பக்கத்தில் வந்தான். "அண்ணே, என் மச்சினன் முந்தல்லதான் ஜீப்போட நிக்கான். ஒரு போனப் போட்டா வெரசா வந்துருவான். யாருக்குத் தெரியப் போகுது?"

மாரீஸ்வரன் பானுப்பிரியாவைப் பார்த்தான். அவள் வேண்டுமென்றே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடுடா," என்றான். கொள்கையை விட்டுவிட்டான் என்றுதான் சொல்லவேண்டும். தங்கைக்காக விட்டதை அவ்வளவு கடுமையாக யாரும் எழுதி வைக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சோணை போன் போட்டான். பேசினான். முகம் தொங்கியது. "லோடு ஏத்திக்கிட்டு மெட்டுக்குப் போயிட்டானாம்ண்ணே."

அதே நேரத்தில் பின்னால், மலைக்குப் போகும் அரசுப் பஸ், சாலையை அடைத்து நிற்கும் கூட்டத்தைப் பார்த்து ஆரன் அடித்தது. அது சாதாரண ஆரன் அல்ல. கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே வரும் லாரிக்குக் கேட்கவேண்டும் என்று வைத்த ஆரன். கிடா தூக்கிவாரிப் போட்டு, கொம்பு முதல் வால் வரை உடம்பை ஓர் உலுக்கு உலுக்கியது. மஞ்சள் தண்ணீர் எல்லோர் முகத்திலும் தெறித்தது.

"துளுக்கிருச்சு! துளுக்கிருச்சு!"

பெண்கள் குலவையிட்டார்கள். கொட்டுக்காரர்கள் காரணம் தெரியாமலே வெளுத்து வாங்கினார்கள். அய்யம்மாள் அழுதாள்.

"ஆத்தா, அது ஆரன் சத்தத்துக்கு..." என்றாள் பானுப்பிரியா மெதுவாக.

"இருக்கட்டும்டி மகளே. சாமி எதுல வேணா வரும். பஸ்சு ஆரன்ல வரக்கூடாதா?"

பானுப்பிரியா முகத்தில் தெறித்த மஞ்சள் தண்ணீரைத் துடைத்துக்கொண்டாள்.

மாரீஸ்வரன் பஸ்சின் முன்னால் போய்க் கைநீட்டி நின்றுவிட்டான். கண்டக்டர் அன்புச்செல்வன் தலையை வெளியே நீட்டினார். "நீங்களா சார்! வாரம் ஒருக்கா என் பஸ்சுல ஏறி, 'எல்லாரும் பஸ்சுல போங்க, பஸ்சுல போங்க'ன்னு, ஏற்கெனவே பஸ்சுல போறவங்ககிட்டயே பிரசங்கம் பண்ணுவீங்களே!"

"அண்ணே, தாய்மாமன் சீரு. நேரம் முடியப் போகுது. கோயில்ல எறக்கி விட்டுருங்க."

"ஏறுங்க. ஆளுக்கு ஒரு டிக்கெட்டு. கிடா ஏறாது."

அய்யம்மாள் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வாக்குச் சொன்ன கிடாவ ரோட்டுல விட்டுட்டுப் போனா, பஸ்சு மேடு ஏறாது பாத்துக்க."

அன்புச்செல்வன் தினமும் அந்த வளைவுகளில் ஏறி இறங்குகிறவர். ஒரு நிமிடம் மலையைப் பார்த்தார். "ஏத்துங்க, ஏத்துங்க. லக்கேஜ் டிக்கெட்டு உண்டு," என்றார்.

பஸ்சில் ஏற்கெனவே எல்லா இருக்கையும் நிறைந்திருந்தது. தட்டோடு ஏறிய பெண்களுக்குக் கம்பியைப் பிடிக்கக் கையில்லை. முதல் வளைவில் கற்கண்டுத் தட்டு சாய்ந்தது. சன்னலோரம் உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் ஒருவர் அதைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "பரவால்லம்மா, நான் வச்சுக்கிறேன்." அவரைப் பார்த்து மற்றவர்களும் கை நீட்டினார்கள். நெடுங்கண்டத்துக்குப் போகும் மலையாளி ஒருவர் பட்டுப்பாவாடைத் தட்டை வாங்கிக்கொண்டார். எஸ்டேட்டுக்குப் போகும் பெண்கள் பழத்தையும் வெற்றிலையையும் வாங்கிக்கொண்டார்கள். பெரிய ரோஜா மாலையை வைக்க எங்கும் இடமில்லாமல் கண்டக்டர் கழுத்தில் போட்டார்கள். அவர் மாப்பிள்ளை போல மாலையோடு டிக்கெட் கிழித்தார். கிடா டிரைவருக்குப் பின்னால் நின்று சாலையைக் கவனித்தது.

கோயில் படியில் செல்லத்தாய் உட்கார்ந்திருந்தார். வண்டி எண்ணுவதற்கென்று வந்த பெரியப்பா ஒருவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். முப்பத்தொரு வண்டிச் சின்னச்சாமியும் இருந்தார். தோளில் மடிப்புக் கலையாத துண்டைப் பெருமையாகச் சரிசெய்துகொண்டிருந்தார். முத்துப்பிரியா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தது பஸ். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

ஆனால் பஸ் நின்றது. உள்ளிருந்து கொட்டுச் சத்தம் கேட்டது. 

தட்டுகளைக் கைமாற்றிக்கொள்ளப் பஸ்சுக்குள் இடமில்லை. மடியில் வைத்திருந்தவர்களே எழுந்து, தட்டோடு இறங்கிவிட்டார்கள். முதலில் கற்கண்டோடு போலீஸ்காரர். அடுத்து வேட்டியை மடித்துக் கட்டிய மலையாளி, பட்டுப்பாவாடையோடு. அவருக்குப் பின் எஸ்டேட்டுப் பெண்கள் வரிசையாகப் பழம், பூ, மஞ்சள், வெற்றிலை. மாலையும் கழுத்துமாகக் கண்டக்டர். அப்புறம் சொந்தக்காரர்கள். அப்புறம் மொக்கச்சாமி. கடைசியில் கிடா, யாரும் இழுக்காமல் தானே இறங்கியது.

வண்டி எண்ணும் பெரியப்பா ஒற்றை விரலை நீட்டியபடி, இதை எப்படி எண்ணுவது என்று தெரியாமல் நின்றார்.

செல்லத்தாய் எழுந்தே நின்றுவிட்டார். "மருமகனே! அரசாங்க பஸ்சையே வாடகைக்குப் புடிச்சுக்கிட்டு வந்துட்டியா?"

"பின்ன!" என்றார் மொக்கச்சாமி மீசையைத் தடவி. "போலீசு பந்தோபஸ்தோட!"

கூட்டம் முழுவதும் முணுமுணுத்தது. சின்னச்சாமியின் முகம் சின்னதாகிவிட்டது. முத்துப்பிரியா அண்ணனைப் பார்த்தாள். கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன நாளிலிருந்து அவள் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை மாரீஸ்வரன் பார்த்ததில்லை. ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு சிரித்தால் போதும். அந்த வெளிச்சம் அவளுக்கு ஆயுசுக்கும் இருக்கும்.

அவன் சிரிக்கத்தான் முயன்றான். எதிரே குலசாமி இருந்தது.

"இல்லத்தே," என்றான். "பஸ்சப் புடிக்கல. நடந்துதான் வந்தோம். வழியில நேரமாயிருச்சு. ஆளுக்கு டிக்கெட் எடுத்து ஏறி வந்தோம்."

முத்துப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள். மொக்கச்சாமி, "ஏன்டா, வாயி சும்மாவே இருக்காதாடா ஒனக்கு?" என்று பல்லைக் கடித்தார்.

"டிக்கெட்டா?" என்றார் செல்லத்தாய். "அப்ப இவுங்கல்லாம் யாரு? உங்க சொந்தமில்லையா?"

"யாருன்னே தெரியாதத்தே. நிக்க எடமில்லன்னு தட்ட மடியில வாங்கி வச்சுக்கிட்டாங்க."

மலையாளி, பட்டைத் தரையில் வைக்க மனமில்லாமல், தட்டோடு செல்லத்தாயின் முன்னால் வந்து நின்றார். "சேச்சி, இது எவிடே வைக்கணும்? பட்டாணு, தரையில வைக்கண்டா."

செல்லத்தாய் அவரையும், அந்தத் தட்டை அவர் இரண்டு கையாலும் பிடித்திருந்த விதத்தையும் பார்த்தார். போலீஸ்காரரின் தொப்பியில் ஒட்டியிருந்த மஞ்சளைப் பார்த்தார். செல்லத்தாய்க்கு நாக்கு நீளம்தான். ஆனால் அவர் சாமி கும்பிடுகிற மனுஷி. அவர் உள்ளே போய்ச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். 

"சீர்த்தட்டத் தூக்குனவுக சந்தனம் பூசாமப் போகக்கூடாது. வாங்கப்பா, எல்லாரும் வரிசையா வாங்க."

"அம்மா, பஸ்சு நிக்குது, டைமு..." என்று அன்புச்செல்வன் ஆரம்பித்தார். அவர் நெற்றியிலும் சந்தனம் ஏறியது.

பூசிக்கொண்டே செல்லத்தாய் சின்னச்சாமியின் பக்கம் திரும்பினார். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். "தம்பி, கோவிச்சுக்காத. உன் முப்பத்தொரு வண்டிக்காரங்களும் வாடகை வாங்கிக்கிட்டு வந்தாங்க. இவுங்க கைக்காசு போட்டு டிக்கெட் எடுத்துட்டு வந்து என் பேத்தி சீரச் சொமந்திருக்காங்க. யாரு எவருன்னு தெரியாமலே." பிறகு மருமகளைப் பார்த்து, "என்னடி முத்துப்பிரியா, அங்க நின்னு தரையப் பாக்குற? உன் அண்ணனுக்குச் சந்தனத்த நீ பூசு. வெரசா! நேரம் போகுது," என்றார்.

முத்துப்பிரியா வந்து பூசினாள். நெற்றியில் பூசவேண்டியது, அவசரத்தில் மூக்கிலும் கொஞ்சம் ஆயிற்று. நாத்தனார் வீட்டுக்காரர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஒதுங்கினார். மாரீஸ்வரன் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டான். குழந்தை பவதாரணிக்கு மாமன் மடி பிடித்திருந்தது. ஊசி பிடிக்கவில்லை. முதல் காதுக்கு மாமனின் கட்டை விரலைக் கடித்தாள். இரண்டாவது காதுக்கு அவள் போட்ட சத்தத்தில் பஸ்சிலிருந்த மிச்சப் பேரும் என்னவோ ஏதோவென்று இறங்கி வந்துவிட்டார்கள். அவர்களுக்கும் சந்தனம், கற்கண்டு. டிரைவர் மட்டும், பஸ்சை விட்டு இறங்கக்கூடாது என்று சன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பூசிக்கொண்டார்.

கிடா விஷயமும் பேசப்பட்டது. மழைக்கு வாக்குச் சொன்ன கிடாவை மழைக்கு முன்னால் வெட்டக்கூடாது என்று செல்லத்தாய் சொல்லிவிட்டார். இரண்டு கோடையாக அந்த மலையடிவாரம் முழுவதும் மழைக்கு வேண்டிக்கொண்டிருக்க, மழை வராமலிருந்தால் லாபம் பார்க்கும் ஒரே உயிர் கோயில் வேப்பமரத்தடியில் நின்று இலை மென்றது. 

சின்னச்சாமி கண்டக்டரிடம் போய், குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அண்ணே, வர்ற மாசம் எங்க பக்கத்துலயும் ஒரு காதுகுத்து இருக்கு. இந்தப் பஸ்சு டெய்லி இதே நேரந்தானா?"

"இதே நேரந்தான்."

"ரெண்டு பஸ்சு கெடைக்குமா?"

பானுப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாரீஸ்வரன் சிரிக்கவில்லை. அவன் கட்டை விரலைத் தங்கை துணியால் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"பயந்துட்டேண்ணே," என்றாள். "அவுங்களா நெனச்ச அந்த ஒரு பொய்ய மட்டும் அப்படியே விட்டுருந்தா என்னன்னு இருந்துச்சு."

"எனக்கும்தான் இருந்துச்சு."

"மறுபடியும் மேடையில ஏதாச்சும் சொல்லுவியா?"

அவன் யோசித்தான். "சொல்லுவேன்னுதான் நெனைக்கிறேன், ஆத்தா."

"சொல்லு," என்றாள் முத்துப்பிரியா, முடிச்சை இறுக்கி. "சொல்றதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போனப் போட்டுரு."